பீட்டில்ஸ் பாடல்கள் எங்கிருந்து பிறந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் 1960இல் உருவாகி 1970இல் கலைந்த பீட்டில்ஸ் இசைக்குழு, அந்தக் குறுகிய காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை ஒலிப்பதிவு செய்தது. அவற்றில் பெரும்பகுதியை ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதினர். ஜார்ஜ் ஹாரிசன் பிற்காலத்தில் அவர்களுக்கு நிகரான பாடல்களை எழுதினார். டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டாரும் இரண்டொரு பாடல்கள் தந்தார். அப்பாடல்களில் வரும் பெயர்கள், தெருக்கள், நிகழ்ச்சிகள் எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

பாடல்களில் வருபவர்கள் எல்லோரும் உண்மையில் வாழ்ந்தவர்களா?

இல்லை. 1962 முதல் 1964 வரை வந்த பாடல்களில் பெரும்பாலும் "நான்", "நீ", "அவள்" ஆகிய மூவர் மட்டுமே உண்டு. அவர்களுக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. கேட்பவர் எவராயினும் தன்னை அங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு எழுதினார்கள். ஜான் சிறு கதைகளும் வேடிக்கைப் பாக்களும் கொண்ட ஒரு புத்தகத்தை 1964இல் வெளியிட்டபோது, அதில் தெரியும் சொந்த வாழ்க்கை பாடல்களில் ஏன் தெரிவதில்லை என்று ஒரு பத்திரிகையாளர் அவரிடம் கேட்டார். அந்தக் கேள்வி ஜானை உறுத்தியது.

அதன் விளைவாக 1965இல் பிறந்ததுதான் "இன் மை லைஃப்". தன் வீட்டிலிருந்து நகரத்திற்குப் பேருந்தில் செல்லும்போது கண்ணில் படும் இடங்களை வரிசையாக எழுதி, அதில் பென்னி லேன் உட்படப் பல பெயர்களைச் சேர்த்தார். எழுதி முடித்தபின் அது பள்ளிக்கூடக் கட்டுரையைப் போல உயிரற்று இருப்பதாக அவருக்கே தோன்றியதால், ஊர்ப்பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, இருப்போரையும் இறந்தோரையும் நினைக்கும் மனத்தை மட்டும் வைத்துக்கொண்டார். உண்மையிலிருந்து தொடங்கி, எந்த இடத்தில் அதை விட்டு விலகுவது என்பதை அறிந்திருந்ததே இவர்களுடைய பெருந்திறமை என்று நான் கருதுகிறேன். கீழே வரும் விடைகளிலும் அந்த விலகும் இடத்தையே முடிந்தவரை சுட்டிக்காட்ட முயன்றிருக்கிறேன்.

ஒரு பாடலின் பின்னணி உண்மைதான் என்று எதைக் கொண்டு முடிவு செய்வது?

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று இருந்தால் அதுவே முதன்மையானது: நாளிதழ்ச் செய்தி, சுவரொட்டி, கையெழுத்துப் படி, ஒலிப்பதிவு நாடா போன்றவை. அடுத்தது, பாடல் எழுதப்பட்ட காலத்தில் எழுதியவரே சொன்னது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து அவர் நினைவுகூர்வதை மதிக்க வேண்டும் என்றாலும், மனித நினைவு தன்னையறியாமல் கதையைச் செப்பனிட்டுக்கொள்ளும் என்பதையும் மறக்கலாகாது. ரசிகர்கள் தாமாகக் கட்டிய ஊகங்கள் எவ்வளவு சுவையாக இருந்தாலும் கடைசி வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பென்னி லேன் உண்மையான தெருவா? பாடலில் வரும் சலூனும் தீயணைப்பு நிலையமும் அங்கே இருந்தனவா?

லிவர்பூலின் தெற்குப் பகுதியில் உள்ள உண்மையான தெரு அது. ஆனால் உள்ளூர் மக்களின் பேச்சில் பென்னி லேன் என்பது அந்தத் தெருவை மட்டுமன்றி, அதன் முனையில் இருக்கும் ரவுண்டானாவையும் பேருந்துகள் வந்து நின்று புறப்படும் இடத்தையும் சேர்த்தே குறித்தது. சிறுவர்களாக இருந்த ஜானும் பாலும் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் போகவும் நகரத்திற்குச் செல்லவும் அங்கேதான் பேருந்து மாறினார்கள். அங்கிருந்த சலூனில் வெவ்வேறு முடிவெட்டுகளின் புகைப்படங்கள் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தன; தான் முடி திருத்திய தலைகளையெல்லாம் அக்கடைக்காரர் ஓவியக் கண்காட்சியைப் போல மாட்டி வைத்திருப்பதாகப் பால் அதைப் பாட்டில் மாற்றினார். வங்கியும் உண்டு, ரவுண்டானாவின் நடுவில் பயணிகள் ஒதுங்கும் கட்டடமும் உண்டு. தீயணைப்பு நிலையம் மட்டும் சற்றுத் தொலைவில், வேறொரு சாலையில் இருக்கிறது.

இப்பாடலைக் கூர்ந்து கேட்டால் ஒரு வியப்பு புலப்படும். ஒரு வரியில் வானம் நீலமாக இருக்கிறது, இன்னொன்றில் மழை கொட்டுகிறது, பிறிதொன்றில் ஒரு செவிலியர் தட்டில் பாப்பி மலர்கள் விற்கிறார். போரில் மாண்டவர்களை நினைவுகூரும் அந்தக் காகித மலர்கள் இங்கிலாந்தில் நவம்பர் மாதத்தில்தான் விற்கப்படும். ஒரே தெருவில் எல்லாப் பருவங்களும் ஒன்றாக நடக்கின்றன. அது 1967இல் இருந்த தெரு அன்று. பல ஆண்டுகள் அங்கே பேருந்துக்குக் காத்திருந்த ஒரு சிறுவனின் நினைவில் படிந்த தெரு.

இந்தப் பெயர் அடிமை வணிகரான ஜேம்ஸ் பென்னி என்பவரைக் குறிக்கிறது என்ற பேச்சு எழுந்து, 2020இல் தெருப் பலகைகள் சிலவற்றின் மீது சாயம் பூசப்பட்டது. அதே ஆண்டு, அந்தத் தொடர்புக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று லிவர்பூலில் உள்ள அடிமைமுறை அருங்காட்சியகம் தெரிவித்தது.

"ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்" என்பது தோட்டமா, கற்பனை இடமா?

ஜானின் வீட்டிற்கு அருகில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திவந்த குழந்தைகள் இல்லத்தின் பெயர் ஸ்ட்ராபெரி ஃபீல்ட். ஜானைத் தாயிடமிருந்து அழைத்துவந்து வளர்த்தவர் அவருடைய பெரியம்மா மிமி. ஆண்டுதோறும் கோடையில் அந்த இல்லத்தின் தோட்டத்தில் விழா நடக்கும். சேனையின் பேண்டு வாத்தியம் கேட்கத் தொடங்கியதும் சீக்கிரம் புறப்படச் சொல்லிச் சிறுவன் ஜான் துடிப்பான் என்று மிமி பின்னாளில் நினைவுகூர்ந்தார். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தும் அவர்களோடு வளராத ஒரு சிறுவனுக்கு, பெற்றோர் அற்ற குழந்தைகள் வாழும் இல்லத்தின் தோட்டம் விளையாட்டு இடமாக அமைந்தது. பாடலில் இது ஒரு சொல்லில்கூடச் சொல்லப்படவில்லை. ஆயினும் அந்தத் தனிமை பாடல் முழுவதும் பரவியிருக்கிறது.

1966 இலையுதிர் காலத்தில், ஒரு திரைப்படத்தில் நடிப்பதற்காக ஸ்பெயினின் அல்மேரியாவில் தங்கியிருந்தபோது ஜான் இதை எழுதத் தொடங்கினார். ஒலிப்பதிவின் கதையும் அறியத்தக்கது. மெதுவான ஒரு பதிவும், டிரம்பெட்களும் செல்லோக்களும் சேர்ந்த வேகமான மற்றொரு பதிவும் இருந்தன. முதலாவதின் தொடக்கத்தையும் இரண்டாவதின் தொடர்ச்சியையும் இணைக்க வேண்டும் என்று ஜான் கேட்டார். இரண்டும் வெவ்வேறு சுருதி, வெவ்வேறு வேகம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் நாடாக்களின் ஓட்ட வேகத்தை மாற்றி இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து ஒட்டினார்கள். பாடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. ஹெட்போன் அணிந்து கேட்டால் ஜானின் குரல் சட்டென்று கனத்து, நீருக்குள் இறங்குவது போல் மாறுவதை உணரலாம்.

எலினார் ரிக்பி யார்? அவருடைய கல்லறை இருக்கிறது என்பது உண்மையா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. 1966இல் வெளியான இப்பாடல், யாரும் இல்லாமல் வாழ்ந்து யாரும் வராத இறுதிச் சடங்கோடு அடங்கிப்போன ஒரு பெண்ணைப் பற்றியது. முதலில் அவளுக்கு டெய்சி ஹாக்கின்ஸ் என்று பெயர் வைத்திருந்ததாகவும், பிறகு தங்கள் திரைப்படத்தில் நடித்த எலினார் பிரான் என்ற நடிகையின் பெயரிலிருந்து "எலினார்" என்பதையும், பிரிஸ்டல் நகரத்தில் கண்ட ஒரு கடைப் பலகையிலிருந்து "ரிக்பி" என்பதையும் எடுத்துக்கொண்டதாகவும் பால் கூறியுள்ளார். பாதிரியாருக்கு முதலில் மெக்கார்ட்னி என்றே பெயரிட்டிருந்தார். அது தன் தந்தையைக் குறிப்பதாகிவிடும் என்று அஞ்சித் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி மெக்கென்ஸி என்று மாற்றினார்.

இத்துடன் விளக்கம் முடிந்தது என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, 1980களில் லிவர்பூலின் வுல்டன் பகுதியில் உள்ள புனித பீட்டர் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், 1939 அக்டோபர் 10ஆம் நாள் 44ஆம் வயதில் இறந்த எலினார் ரிக்பி என்ற பெண்ணின் பெயர் பொறித்த கல் கவனத்திற்கு வந்தது. சில அடி தூரத்தில் மெக்கென்ஸி என்ற பெயருடைய மற்றொரு கல்லும் இருந்தது. இதே தேவாலயத்தின் விழாவில்தான் 1957 ஜூலை 6ஆம் நாள் ஜானும் பாலும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அந்தக் கல்லறைகளுக்கு இடையே இருவரும் திரிந்ததும் உண்டு. அறிந்து எடுத்த பெயர் அன்று என்றும், அடிமனத்தில் தங்கியிருந்திருக்கலாம் என்றும் பால் சொல்கிறார். அதற்கு மேல் ஒருவராலும் எதையும் நிறுவ இயலாது. நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. அந்தக் கல்லில் உள்ள பெண் தனிமையில் வாழ்ந்தவர் என்பதற்கும் பாடலைச் சான்றாக்கக் கூடாது. பெயர் மட்டுமே ஒன்று, வாழ்க்கை வேறு.

பாடலின் உண்மையான வேர் வேறிடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. சிறுவயதில் தனியாக வாழ்ந்த முதிய பெண்களுக்குக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கித் தந்து, அவர்களுடைய கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பால் விவரித்துள்ளார். வாசல் அருகே ஒரு ஜாடியில் அவள் தன் முகத்தை வைத்திருப்பதாக வரும் புகழ்பெற்ற உவமைக்குப் பின்னால், தன் தாயின் படுக்கையருகே எப்போதும் இருந்த நிவியா க்ரீம் டப்பா இருப்பதாகவும் அவர் கூறியிருக்கிறார். அந்தத் தாய், பாலுக்கு 14 வயதாக இருந்தபோது இறந்துபோனார்.

நாளிதழ்ச் செய்திகளிலிருந்து பிறந்த பாடல்கள் எவை?

"எ டே இன் த லைஃப்" அவற்றில் தலையாயது. 1967 ஜனவரி 17ஆம் நாளிட்ட டெய்லி மெயில் இதழைப் பியானோவின் மீது விரித்து வைத்துக்கொண்டு ஜான் இதை எழுதினார். கின்னஸ் மதுபானக் குடும்பத்து வாரிசும் குழுவினரின் நண்பருமான டாரா பிரவுன், 1966 டிசம்பரில் லண்டனில் நடந்த கார் விபத்தில் 21ஆம் வயதில் இறந்திருந்தார். அவர் தொடர்பான செய்தி அந்த இதழில் இருந்தது. அதே இதழில், லங்காஷயரின் பிளாக்பர்ன் ஊர்ச் சாலைகளில் 4,000 பள்ளங்கள் இருப்பதாக எண்ணப்பட்டுள்ளது என்ற சிறு துணுக்கும் இருந்தது. ஒரு மரணமும் சாலைப் பள்ளங்களின் கணக்கும் ஒரே தாளில், ஒரே அளவு அலட்சியத்தோடு அச்சாகிக் கிடப்பதைக் காலை நேரத்தில் படிக்கிறோமே, அந்த அனுபவமே இப்பாடல். விபத்தை அப்படியே எழுதவில்லை, டாரா நினைவில் இருந்தார் என்று மட்டும் ஜான் கூறினார். நடுவே வரும் துள்ளலான பகுதி பாலுடையது. தூங்கி எழுந்து பள்ளிக்குப் பேருந்து பிடிக்க ஓடிய நினைவு அது. இரண்டுக்கும் இடையே 24 தாள அலகுகள் வெற்றிடமாக இருந்தன. பிப்ரவரி 10 அன்று 40 இசைக் கலைஞர்களை வரவழைத்து, ஒவ்வொருவரும் தத்தம் கருவியின் அடிச்சுரத்தில் தொடங்கி, பக்கத்தில் இருப்பவரைப் பின்பற்றாமல் தம் போக்கில் உச்சிக்கு ஏறுமாறு கேட்டு அதை நிரப்பினார்கள்.

"ஷீ'ஸ் லீவிங் ஹோம்" பாடலும் நாளிதழ்ச் செய்திதான். 1967 பிப்ரவரியில், வசதியான வீட்டையும் காரையும் விட்டுவிட்டு 17 வயது மாணவி ஒருத்தி காணாமற்போன செய்தி முதற்பக்கத்தில் வந்தது. மற்றவற்றையெல்லாம் பால் கற்பனையால் நிரப்பினார். பெற்றோரின் புலம்பலை ஜான் எழுதினார். பின்னர்தான் ஒரு தற்செயல் வெளிப்பட்டது. 1963இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாட்டுக்கு வாயசைக்கும் போட்டிக்குப் பால் நடுவராக இருந்து, வென்ற சிறுமிக்குப் பரிசு கொடுத்திருந்தார். அந்தச் சிறுமியே இந்தப் பெண். பாடலை எழுதும்போது பாலுக்கு அது தெரியாது.

மிஸ்டர் கைட் பாடல் ஒரு சுவரொட்டியைப் பார்த்து எழுதப்பட்டது என்கிறார்களே?

ஆம், சான்று இத்தனை தெளிவாக உள்ள பாடல் வேறில்லை. 1967 ஜனவரி 31 அன்று, கென்ட் மாவட்டத்தின் செவனோக்ஸ் ஊரில் படப்பிடிப்புக்குச் சென்றிருந்த ஜான், பழம்பொருள் கடை ஒன்றில் சர்க்கஸ் சுவரொட்டி வாங்கினார். ராச்டேல் ஊரில் 1843 பிப்ரவரி 14 அன்று பாப்லோ ஃபாங்க் சர்க்கஸ் நடத்தவிருந்த காட்சிக்கான விளம்பரம் அது. கைட் என்ற கலைஞருக்கு உதவுவதற்காக நடத்தப்படும் காட்சி என்று அதில் அச்சிட்டிருந்தது. ஹெண்டர்சன் குடும்பத்தார், குட்டிக்கரணம், தீ எரியும் பீப்பாய்க்குள் பாய்தல் என்று பாடலில் வருபவை பெரும்பாலும் அந்தத் தாளில் உள்ளவையே. ஜான் செய்த மாற்றங்கள் சில: ராச்டேல் பிஷப்ஸ்கேட் ஆயிற்று, சாந்தஸ் என்ற குதிரை ஹென்றி ஆயிற்று.

பாடல் செய்த பேருதவி ஒன்றுண்டு. பாப்லோ ஃபாங்க் என்பவர் நார்விச் நகரத்தில் வில்லியம் டார்பி என்ற பெயரில் பிறந்த கறுப்பினத்தவர்; குதிரையேற்றத்தில் தேர்ந்து, பிரிட்டனில் சொந்தமாக சர்க்கஸ் நடத்திய முதல் கறுப்பினத்தவராக உயர்ந்தவர். காலம் மறந்துவிட்ட அவருடைய பெயரை ஒரு பாட்டின் வரி மீட்டுத் தந்தது. சர்க்கஸ் கூடாரத்தின் மரத்தூள் வாசனை பாட்டில் வர வேண்டும் என்று ஜான் கேட்டதால், ஜார்ஜ் மார்ட்டின் பழைய நீராவி ஆர்கன் ஒலிநாடாக்களைத் துண்டுகளாக வெட்டச் செய்து, மேலே வீசிக் கலைத்து, கைக்கு வந்த வரிசையில் ஒட்டவைத்தார்.

"லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்" எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைத்தானே குறிக்கிறது?

தலைப்பின் முதலெழுத்துகள் அவ்வாறு அமைந்தது தற்செயல் என்றே ஜான் இறுதிவரை கூறினார். மூன்று வயது மகன் ஜூலியன் மழலையர் பள்ளியிலிருந்து ஓர் ஓவியம் கொண்டுவந்து, தன் வகுப்புத் தோழி லூசி வைரங்களோடு வானத்தில் இருக்கிறாள் என்று சொன்னான். அந்த லூசி உண்மையானவர் என்பதும் ஜூலியனோடு படித்தவர் என்பதும் பிற்காலத்தில் உறுதியாயின. படகு, ஆறு ஆகிய காட்சிகளுக்கு லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகள் துணைநின்றன. இதை ஏற்றுக்கொள்வதால் அக்காலப் பாடல்களில் போதைப்பொருளின் தாக்கமே இல்லை என்று ஆகிவிடாது. அதை அவர்களே மறைத்ததில்லை. தலைப்பு குழந்தையுடையது, பாடலின் நிறங்கள் பெரியவர்களின் அனுபவத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

தாயை நினைத்து எழுதிய பாடல்கள் உண்டா?

பாலின் தாய் மேரி மருத்துவச்சியாகப் பணியாற்றியவர்; 1956இல் புற்றுநோயால் இறந்தார். ஜானின் தாய் ஜூலியா 1958 ஜூலை 15 அன்று, பெரியம்மா மிமியின் வீட்டிலிருந்து திரும்பும்போது கார் மோதி இறந்தார். இளம் வயதில் தாயை இழந்த இந்த ஒற்றுமைதான் இருவரையும் பேச்சுக்கு அப்பாற்பட்டுப் பிணைத்தது.

1968இல் குழுவுக்குள் மனக்கசப்பு மிகுந்திருந்த நாட்களில், பாலின் கனவில் மேரி வந்து, எல்லாம் சரியாகிவிடும், அதன் போக்கில் விட்டுவிடு என்று ஆறுதல் சொன்னார். "லெட் இட் பி" பாடலில் வரும் அன்னை மேரி அவரே. கிறிஸ்துவின் தாயாகக் கருதிக் கேட்பவர்களுக்கும் அதில் தடையில்லை என்று பால் சொல்லியிருக்கிறார்.

"ஜூலியா" பாடலை ஜான் தனியாக, ஒரே கிட்டாருடன் பாடினார். பீட்டில்ஸ் பாடல்களில் மற்ற மூவரும் இல்லாமல் அவர் மட்டும் பாடி வாசித்தது அது ஒன்றே. அதில் வரும் "கடலின் குழந்தை" என்பது யோகோ என்ற ஜப்பானியப் பெயரின் பொருள். தாய்க்குப் பாடும் பாட்டில், அன்று தன் வாழ்க்கைக்குள் வந்துகொண்டிருந்த பெண்ணின் பெயரையும் பொதிந்து வைத்தார்.

"யெஸ்டர்டே" பாடலின் மெட்டு பாலுக்குக் கனவில் கிடைத்தது. வேறு யாருடைய மெட்டோ என்று அஞ்சிப் பலரிடம் பாடிக் காட்டிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், மெட்டை நினைவில் வைக்க முட்டைப் பொரியலைப் பற்றி டம்மி வரிகள் போட்டு வைத்திருந்தார். 1965இல் போர்ச்சுகலில் காரில் செல்லும்போதுதான் இன்றைய வரிகள் வந்தன. அது காதலியைப் பற்றிய பாட்டு என்றே நெடுங்காலம் கருதிய பால், ஒருவேளை தாயின் பிரிவுதான் அதில் பேசுகிறதோ என்று முதுமையில் கூறினார்.

"ஹே ஜூட்" யாருக்காக எழுதப்பட்டது?

ஜூலியனுக்காக. 1968இல் ஜானும் அவருடைய மனைவி சிந்தியாவும் பிரிந்தபோது, சிந்தியாவையும் ஐந்து வயதுச் சிறுவனையும் பார்த்துவரப் பால் தனியாகக் காரில் புறப்பட்டார். வழியில் "ஹே ஜூல்ஸ்" என்று தொடங்கிய ஆறுதல் வார்த்தை, பாடுவதற்கு இசைவாக ஜூட் ஆனது. குடும்பம் உடைந்தால் நண்பர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். இங்கே ஒருவர் குழந்தையின் பக்கம் போய் நின்றார். ஆனால் பாடலைக் கேட்ட ஜான், அது தனக்குச் சொல்லப்பட்டது, யோகோவிடம் போ என்று வாழ்த்துகிறது என எடுத்துக்கொண்டார். அசைவு உன் தோளில் இருக்கிறது என்ற பொருள்பட வரும் வரியைப் பொருத்தமில்லை என்று பால் மாற்ற நினைத்தபோது, அதுவே பாட்டின் சிறந்த வரி, தொடாதே என்று தடுத்ததும் ஜான்தான்.

ரிஷிகேஷில் எழுதிய பாடல்களின் பின்னணி என்ன?

1968 பிப்ரவரியில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்திற்குத் தியானம் கற்க நால்வரும் வந்தார்கள். ரிங்கோ பத்து நாட்களில் திரும்பிவிட்டார். உணவு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் வாரக்கணக்கில் தங்கினர். அங்கே எழுதிய பாடல்கள் பலவும் அதே ஆண்டு வெளியான, வெண்ணிற உறை கொண்ட இரட்டை இசைத்தட்டில் இடம்பெற்றன.

"டியர் புரூடென்ஸ்" என்பது நடிகை மியா ஃபாரோவின் தங்கை புரூடென்ஸை அழைக்கும் பாட்டு. அறைக் கதவை அடைத்துக்கொண்டு விடாமல் தியானத்தில் இருந்த அவரை வெளியே வரவழைக்கும் பொறுப்பு ஜானுக்கும் ஜார்ஜுக்கும் வந்தது. சூரியன் வந்துவிட்டது, வெளியே வா என்று கெஞ்சும் அந்தப் பாட்டின் கிட்டார் மீட்டலை, உடன் தங்கியிருந்த பாடகர் டோனோவனிடம் ஜான் கற்றுக்கொண்டார். தியானத்திற்கு வந்த ஓர் அமெரிக்க இளைஞர் இடையில் தாயோடு யானை மீதேறிப் புலி வேட்டைக்குப் போய்த் திரும்பியதை ஜான் சகிக்க முடியாமல் எழுதியது "பங்களா பில்".

"செக்ஸி சேடி" மகரிஷியைப் பற்றியது. அவர் மீது ஆசிரமத்தில் ஒரு புகார் பரவியதும் ஜான் மனம் கசந்து வெளியேறினார். முதலில் மகரிஷியின் பெயரையே வைத்து எழுதியதை, ஜார்ஜ் கேட்டுக்கொண்டதால் மாற்றினார். அந்தப் புகார் ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. ஜார்ஜ் பின்னாளில் மகரிஷியோடு தொடர்புடைய அரசியல் கட்சிக்கு ஆதரவாக 1992இல் லண்டனில் இசை நிகழ்ச்சியே நடத்தினார்.

இந்திய இசை அவர்களுடைய பாடல்களுக்குள் எப்படி வந்தது?

1965இல் ஒரு திரைப்படத்தின் உணவக் காட்சிக்காக வந்திருந்த இந்தியக் கலைஞர்களிடம் ஜார்ஜ் சித்தாரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதே ஆண்டு "நார்வீஜியன் வுட்" பாடலில் அதை வாசித்தார். அந்தப் பாடலின் கதை, மனைவி அறியாதபடி ஜான் கொண்டிருந்த உறவைச் சுற்றி வளைத்துச் சொன்னது. அந்தப் பெண் யார் என்பதை அவர் சொல்லவில்லை. 1968 ஜனவரியில் ஜார்ஜ் பம்பாயில் எச்.எம்.வி. கூடத்தில் சரோத், புல்லாங்குழல், பக்காவஜ் முதலிய கருவிகளோடு "தி இன்னர் லைட்" பாடலின் இசையைப் பதிவு செய்தார். அதன் வரிகள் சீன ஞானநூலான தாவோ தே ஜிங்கிலிருந்து வந்தவை. அதைப் பாடலாக்குமாறு தூண்டியவர் கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதம் கற்பித்த யுவான் மாஸ்கரோ. சீனத்துச் சிந்தனை, இந்திய வாத்தியங்கள், லிவர்பூல் குரல் மூன்றும் இரண்டரை நிமிடத்திற்குள் ஒன்றுகின்றன. இவ்வளவு அழகான பாடல் ஒற்றை இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியானதால் பலர் கேளாமலேயே இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அரசியல் நிகழ்ச்சிகள் பாடல்களில் உண்டா?

ஜார்ஜின் "டாக்ஸ்மேன்" நேரடியானது. ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு அப்போது 20 ஷில்லிங். அதில் உனக்கு ஒன்று, எனக்குப் பத்தொன்பது என்று வரி வசூலிப்பவர் பாடுவது, மிகுந்த வருமானத்தின் மீது அன்று விழுந்த 95 விழுக்காட்டு வரியின் கணக்கு.

"கெட் பேக்" பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. குடியேறிகளுக்கு எதிராக 1968இல் ஈனக் பவல் என்ற அரசியல்வாதி ஆற்றிய உரையால் பிரிட்டன் கொந்தளித்திருந்த சூழலில், அந்த வெறுப்பைக் கேலி செய்யும் பாட்டாகத்தான் 1969 ஜனவரி ஒத்திகைகளில் அது உருவானது. பாகிஸ்தானியரைப் பற்றிய சில வரிகள் அதில் இருந்தன. கேலி தவறாகப் போய்ச் சேரும் என்று உணர்ந்தோ என்னவோ, வெளியான வடிவில் அவை இல்லை. பின்னாளில் ஒத்திகை நாடாக்கள் திருட்டுத்தனமாகக் கசிந்தபோது, வரிகளை மட்டும் படித்தவர்கள் பாலை இனவெறியர் என்று குற்றம் சாட்டினார்கள்.

"பிளாக்பர்ட்" அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தை, குறிப்பாக 1957இல் ஆர்க்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் மட்டுமே படித்துவந்த பள்ளியில் காலடி வைத்த ஒன்பது கறுப்பின மாணவர்களை நினைத்து எழுதப்பட்டது என்று பால் கூறுகிறார். 2016இல் அவர்களுள் இருவரை நேரில் சந்தித்து வணங்கினார். பாடலில் போராட்டத்தைப் பற்றி ஒரு வெளிப்படையான சொல்லும் இல்லை. முறிந்த சிறகோடு பறக்கக் கற்கும் பறவை மட்டுமே உண்டு. கிட்டார் இசை, பாலும் ஜார்ஜும் சிறுவயதில் பழகிய, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு சிற்றிசையிலிருந்து வளர்ந்தது. தாளமாக ஒலிப்பது பாலின் காலடி.

மிகச் சாதாரணப் பொருட்களிலிருந்து வந்த பாடல்கள்?

பல உண்டு. "மார்த்தா மை டியர்" பாலின் நாயின் பெயரில் தொடங்கியது. "குட் மார்னிங் குட் மார்னிங்" ஜான் தொலைக்காட்சியில் கேட்ட கெல்லாக்ஸ் கார்ன்ஃபிளேக்ஸ் விளம்பரம். "ஹியர் கம்ஸ் த சன்" பாடலை, நிறுவனக் கணக்கு வழக்குக் கூட்டம் ஒன்றுக்குப் போகாமல் 1969 வசந்தத்தில் தன் நண்பரும் கிட்டார் கலைஞருமான எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் கடன் வாங்கிய கிட்டாரோடு உலாவியபோது ஜார்ஜ் எழுதினார். 1968 ஆகஸ்டில் மனம் வெறுத்துக் குழுவை விட்டுப் போன ரிங்கோ, சார்டீனியாத் தீவில் படகில் இருந்தபோது, ஆக்டோபஸ்கள் கடலடியில் கற்களையும் பளபளக்கும் பொருட்களையும் சேகரித்துத் தோட்டம் போடும் என்று கப்பல் தலைவர் சொல்லக் கேட்டார். நிலத்துச் சண்டைகளிலிருந்து தப்பிக் கடலடியில் இருக்கலாமே என்ற ஏக்கம் "ஆக்டோபஸ்'ஸ் கார்டன்" ஆயிற்று. அவர் திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸ் முழுவதும் பூக்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது.

வேண்டுமென்றே பொருளில்லாமல் எழுதிய பாடல் உண்டா?

"ஐ ஆம் த வால்ரஸ்". ஜான் படித்த பள்ளியின் மாணவர் ஒருவர், எங்கள் வகுப்பில் உங்கள் பாடல் வரிகளுக்கு ஆசிரியர் பொருள் விளக்கம் நடத்துகிறார் என்று 1967இல் கடிதம் எழுதினார். அதற்கு யாரும் விளக்கம் சொல்ல முடியாத பாடலாக இது பிறந்தது. மெட்டின் தொடக்கம் காவல்துறை வாகனத்தின் இரண்டு சுரச் சங்கொலி. வால்ரஸ் லூயிஸ் கரோலின் கவிதையிலிருந்து வந்தது. முடிவில் மங்கலாகக் கேட்கும் பேச்சு, ஒலிக்கலவையின்போது வானொலியில் ஓடிக்கொண்டிருந்த ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகம்.

இந்த இடங்களை இன்று நேரில் காண முடியுமா?

லிவர்பூலில் ஜான் வளர்ந்த மென்லவ் அவென்யூ வீட்டையும் பாலின் ஃபோர்த்லின் சாலை வீட்டையும் பழம்பெரும் இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. முன்பதிவு செய்து உள்ளே செல்லலாம். ஸ்ட்ராபெரி ஃபீல்ட் குழந்தைகள் இல்லம் 2005இல் மூடப்பட்டது. 2019இல் கண்காட்சியும் தோட்டமும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. எலினார் ரிக்பியின் பெயர் உள்ள கல் தேவாலயத் தோட்டத்தில் அப்படியே நிற்கிறது.

நம்மவர்களுக்கு அருகில் இருப்பது ரிஷிகேஷ். பல்லாண்டுகள் காடு மூடிக் கிடந்த ஆசிரமத்தை வனத்துறை 2015 டிசம்பரில் நுழைவுக் கட்டணத்தோடு திறந்தது. அவ்விடத்தைச் சௌராசி குடியா, அதாவது எண்பத்து நான்கு குடில்கள் என்கிறார்கள். ஆற்றுக் கற்களைப் பதித்துக் கட்டிய முட்டை வடிவக் குடில்கள் மரங்களுக்கிடையே வரிசையாக நிற்கின்றன.